அடித்து எழுதிய வரி

“ஒரிஜினலை என் கையில குடுங்க சார்.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று என்னைப் பெற்ற நைனா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “அவங்க ஊடு அது. டைப் அடிச்சமா, வந்தமான்னு இரு யமுனா. எதையும் தொடக் கேக்காதே.” இன்றும் அவர் சார் வீட்டு கேட்டுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றார். இன்றோடு இந்த வேலை முடிகிறது. நாளை பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி, அப்புறம் அமெரிக்கா என்பது நைனாவின் கணக்கு. வெதுருகுப்பத்தில் எங்கள் தெருவின் முதல் பட்டதாரி வேறெங்கே போவாள்?

டில்லிக்குப் போக எனக்கு ஆசை. பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் படிப்பு. இடமும் கிடைத்துவிட்டது. நைனாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சம்பத்குமார் சார் திருப்பதியில் கெமிஸ்ட்ரி லெக்சரராக இருந்தவர். அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகளிடம் ஊரே சென்ட் பாட்டில் கேட்கும். இவர் இருநூறு வருஷத்துக் கடிதம் கேட்பார். அந்த நாட்டு விடுதலைப் போரில் படைக்குச் சோறும் துணியும் தேடிய அதிகாரிகளின் கடிதங்கள் மட்டும்.

“சுட்டவனை எல்லாரும் சேக்கறா. செருப்புக்கு அலைஞ்சவனை யார் சேக்கறா, சொல்லு?” என்பார்.

ஜெராக்ஸைப் பார்த்துத்தான் அத்தனைக்கும் விவரப் பட்டியல் டைப் அடித்தேன். ஒன்றில் மட்டும் ஒரு வரி கறுப்புத் திட்டாக இருந்தது. அதற்காகத்தான் கேட்டேன்.

“கையை அலம்பிண்டு வா,” என்றார்.

சுருக்கென்றது. “நான் தொட்டா தீட்டா சார்?”

அவர் எனக்கு முன்னால் குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டுக் கழுவி, தான் துடைத்த துண்டையே என்னிடம் நீட்டினார். “விரல் எண்ணெய் காகிதத்துக்கு ஆகாது. என் விரல்லயும் எண்ணெய் உண்டு. இதைக் கேக்க இவ்வளவு நாளா உனக்கு?”

ஜன்னல் வெளிச்சத்தில் திட்டுக்கு அடியில் இருந்தது தெரிந்தது. குமாஸ்தாவின் அழகான எழுத்தில், ‘பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.’ அதை ஒரே இழுப்பாக அடித்து, கீழே இருந்த கையொப்பத்தின் அதே சாய்வில் அதிகாரியே மேலே எழுதியிருந்தார்: ‘காலணி வேண்டும். என் ஆட்கள் பனியில் வெறுங்காலோடு நிற்கிறார்கள்.’

“மேலிடத்துக்கு இப்படி எழுதினா வேலை போயிடாதா சார்?”

“போகும்னு தெரிஞ்சே எழுதியிருக்கான். என்ன மனுஷன் பாரு!”

எழுதியவனும் பெரிய மனுஷன்தான். அதைத் தேடிப்பிடித்து, கேட்டதும் என் கையில் வைத்தவரும்தான்.

விடுபட்ட வரியை அடித்து முடித்துவிட்டு வெளியே வந்தேன்.

“செருப்பப் போட்டுக்க நைனா,” என்றேன். “நான் பெங்களூருக்குப் போவல. டில்லிக்குப் போறேன்.”

பதிலுக்கு நிற்காமல் நடந்தேன்.