பூஜ்ஜியத்தில் நின்ற வேன்

பள்ளியிலிருந்து மகள் திவ்யா இன்னும் வரவில்லை என்று அக்கா பாண்டீஸ்வரி ரோகிணிக்கு மறுபடியும் போன் செய்தாள்.

“ஏண்டி, திவ்யா வேன் ஸ்கூல் வாசல்லயே நிக்குதுன்னு உன் ஆப் காட்டுது. வாட்ச்மேன்ட்ட போன்ல கேட்டா அப்பவே கெளம்பிருச்சுங்குறாரு. இம்புட்டு மழையில எதை நம்புறது?”

கொஞ்ச நேரம் முன்னால்தான், “ஆப் தப்பாக் காட்டாதுக்கா, வீட்லயே இரு” என்று பெருமையாகச் சொல்லியிருந்தாள். வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் அந்த ஆப் அவள் எழுதியதாயிற்றே.

வேன் டிரைவர் சுருளி போனை எடுக்கவில்லை. நாகமலை புதுக்கோட்டையில் அவள் வேலை பார்க்கும் இரண்டு அறை ஆபீஸின் ஜன்னலுக்கு வெளியே மலையே தெரியாமல் மழை கொட்டியது. ரோகிணி ஆப்புக்காக எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலைத் திறந்தாள். பள்ளி வேன்களின் விவரம் ஒரு வரிசையாக வரும். வரிசையில் ஒவ்வொன்றும் ஒரு பொட்டலம். உள்ளே டிரைவர் பெயர், வண்டி நம்பர், இப்போது நிற்கும் இடம். எத்தனையாவது பொட்டலம் என்று சொல்லித்தான் உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்கும், முதல் பொட்டலம்தான் பூஜ்ஜியம். அவள் எழுதிய வரி ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் நின்றது:

vans[0].location

சோதித்துப் பார்த்த நாளில் பள்ளிக்கு ஒரே வேன். பூஜ்ஜியத்தைப் போட்டாள், ஓடியது, விட்டுவிட்டாள். இன்று மதியம் பள்ளியில் இரண்டாவது வேனை வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். திவ்யா அதில்தான். எல்லாப் பெற்றோரும் பார்த்துக்கொண்டிருப்பது வாசலில் சும்மா நிற்கும் முதல் வேனை.

முதலாளி ஹரிநாராயணன் பின்னால் வந்து நின்றார். நல்ல மனிதர்தான். கம்பெனிக்குக் கையில் இருக்கும் வாடிக்கையாளர் இந்த ஒரு பள்ளிதான்.

“ஸ்கூல்ல ஒண்ணும் சொல்லிடாதம்மா. சத்தமில்லாம சரிபண்ணி ஏத்திடு. அப்புறம் பேசிக்கலாம்.”

அந்தந்தப் பிள்ளையின் வேனை வரிசையில் தேடி, அதன் இடத்தை எடுக்கும்படி மாற்றினாள். மாற்றத்தை ஆப்பில் ஏற்றும் பட்டனை அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது, நிற்கிற வழியாக இல்லை. அக்காவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, ஆப்ப நம்பாத. நான் எழுதுனதுதான் தப்பு. வேன் ஸ்கூல்ல இல்ல, நீ கெளம்பு.”

“எங்கிட்டுடி போக?”

அதுதான் தெரியவில்லை. ஆபீஸ் போனை இழுத்து, நடந்த தப்பைச் சொல்லப் பள்ளியின் நம்பரை அழுத்தினாள். ஹரிநாராயணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வட்டம் நின்றது. பச்சைப் புள்ளி பள்ளி வாசலை விட்டுத் தாவி, செல்லூர் போகும் வழியில் ரயில் பாலத்துக்கு அடியில் போய் நின்றது. மழை பிடித்தால் முதலில் தண்ணீர் ஏறும் இடம், அக்கா வீட்டுக்குப் பக்கம்தான்.

“ரயில் பாலத்துக்குக் கீழக்கா!”

போனில் அக்காவின் செருப்பு தண்ணீரில் அடிபடும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தமும் போய், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடக்கும் சத்தம் மட்டும் வந்தது.

“திவ்யா! ஏ திவ்யா!”

திரையில் புள்ளி அசையவில்லை.