ஐந்தாம் நாள் கரு

செராஃபிம் தன் காரை மருமகளின் காருக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தினார். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். காலை பத்து மணி.

"காரை எடுங்க மாமா. பதினோரு மணிக்கு நான் பிராவிடன்ஸ்ல இருக்கணும்" என்றாள் நத்தாலியா. மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று அந்த நகரத்துக் கருத்தரிப்பு மையத்தில் சொல்லியிருந்தார்கள். கையில் இருந்தது இரண்டாவது பாட்டில் தண்ணீர்.

"உள்ள தூய ஆவியோட கிரீடம் இருக்கு. இந்த வீட்டுலேருந்து நீ அந்தக் காரியத்துக்குக் கிளம்பக் கூடாது."

"அந்தக் காரியமா? உங்க பேரப்பிள்ளைன்னு சொல்ல வாய் வரலியா?"

"மெதுவாப் பேசு. எல்லா வீட்டுலயும் சன்னல் திறந்திருக்கு."

ஈஸ்டர் முடிந்ததும் கோயிலிலிருந்து அந்தக் கிரீடம் வாரத்துக்கு ஒரு வீடாக, சீட்டு விழுந்த ஏழு வீடுகளுக்குப் போகும். அது தங்கும் வீட்டில் ஒவ்வொரு மாலையும் தெருவே கூடி ஜெபமாலை சொல்லும். வீட்டுக்காரர் முன்னின்று சொல்லுவார். பதினாறு வருஷம் பெயர் போட்டு, எங்கள் ஊரான ஃபால் ரிவரில் இந்த வருஷம்தான் செராஃபிமுக்குச் சீட்டு விழுந்திருந்தது.

குடும்ப மானத்தைச் சிரித்து ஒதுக்குகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. நூற்பாலையில் முப்பத்தோரு வருஷம் நின்று, யாரிடமும் கை நீட்டாமல் மூன்றடுக்கு மரவீட்டை வாங்கிய மனிதர் அவர். அந்த மானம் அவர் உழைத்துச் சேர்த்தது. ஆனால் எங்கள் தெருவில் ஆண்பிள்ளைகளின் மானத்தை விதவைகளின் வயிற்றில் பூட்டி வைத்திருக்கிறோம். இது யார் செய்த ஏற்பாடு என்று நாங்கள் கேட்டதே இல்லை.

துவார்த்தே, செராஃபிமின் ஒரே மகன், மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரியில் சிப்பி பிடிக்கும் படகோடு கடலில் மூழ்கிப்போனான். உடல் கிடைக்கவில்லை. அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். அதற்குப் பிறகும் படிக்கட்டில் அவன் பூட்ஸ் ஏறி வரும் சத்தம் கீழ் வீட்டில் மாமனாருக்குக் கேட்கும். மேல் வீட்டில் மருமகளுக்கும் கேட்கும். இருவரும் அதை மற்றவரிடம் சொன்னதில்லை.

அவன் இருக்கும்போதே சிகிச்சை தொடங்கியிருந்தது. அவளிடம் எடுத்த பதினோரு முட்டைகளில் எட்டு கருவாகின. ஐந்தாம் நாளைத் தொட்டவை மூன்று. இரண்டை அவள் கர்ப்பப்பையில் வைத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. மூன்றாவதை உறைய வைத்தார்கள். தான் இறந்தாலும் மனைவி அதைப் பயன்படுத்தலாம் என்ற இடத்தில் துவார்த்தே தானே கையெழுத்துப் போட்டிருந்தான். இன்று அவனுடையதென்று தரையில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"செத்து மூணு வருஷம் ஆனவனுக்குப் பிள்ளை பொறந்தா, தெரு விரல் விட்டு எண்ணும்" என்றார் செராஃபிம். "யாரோடதுன்னு கேக்கும்."

"கேக்கட்டும். நான் சொல்றேன்."

"கிரீடம் ஞாயித்துக்கிழமை கிளம்பிடும். அடுத்த வாரம் போயேன்."

"காலைலயே உருக்கிட்டாங்க மாமா. இன்னிக்கு நான் போகலைன்னா அது பிழைக்கிறதே சந்தேகம்."

அவர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

நத்தாலியா விதவைக்கான கறுப்பு உடையோடு தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அது இதலீனாவின் வீடு. யார் வீட்டில் யாருக்கு எத்தனை மாதம் என்பதை எண்ணிச் சொல்கிறவள் அவள்தான்.

"அக்கா, என்னைக் கார்ல கொண்டுபோய் விடுறீங்களா?"

எங்கே என்று தெரிந்துகொள்ளும் ஆசையிலேயே இதலீனா கிளம்பிவிட்டாள். வழியில் விஷயத்தைக் கேட்டதும் திகைத்துப்போனாள்.

"அஞ்சு நாள் கருவுல என்னடி இருக்கும்? கையா, காலா?"

"ஒண்ணும் இருக்காது. உள்ள தண்ணி நிறைஞ்ச சின்ன உருண்டை. ஒரு ஓரமா ஒட்டிக்கிட்டிருக்கிற கொத்துதான் பிள்ளையாகும். வெளித்தோல் நஞ்சுக்கொடியாகும்."

"அதை ஏன் அஞ்சு நாள் வரைக்கும் வளக்கணும்? முன்னாடியே வெச்சா என்ன?"

"பாதி மூணாம் நாளுக்கு மேல வளராம நின்னுடும். அஞ்சைத் தாண்டுறது கொஞ்சம் பலமானது."

"என் மகனுக்கு நாப்பதைத் தாண்டியும் பலம் வரலியே!" என்று சிரித்த இதலீனா, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "இன்னிக்குன்னு எப்படி நாள் குறிச்சாங்க?"

"அதுக்கு மூணு வருஷமா அதே அஞ்சு நாள் வயசு. என் கர்ப்பப்பையும் அஞ்சாம் நாளுக்கு வரணும்னு தினமும் ஊசி போட்டுக்கிட்டேன். ரெண்டும் ஒரே நாள்ல நின்னாதான் ஒட்டும்."

கருத்தரிப்பு மையத்தில் கறுப்பு உடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் காகித அங்கியில் படுத்தாள். கணவனுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் இதலீனா, அந்த உடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆய்வகப் பெண் தட்டில் எழுதியிருந்ததைச் சரிபார்த்தாள். "உங்க கணவர் பேரு, பொறந்த தேதி?"

நத்தாலியா சொன்னாள்.

"வெளியில இருக்காரா?"

"கடல்ல இருக்கார்."

அந்தப் பெண் திரையைக் காட்டினாள். "உருக்கினதும் சுருங்கிக் கிடந்துச்சு. இப்ப நல்லா விரிஞ்சிருக்கு பாருங்க. ஒரு பக்கம் மேல் ஓட்டை உடைச்சுக்கிட்டு வெளிய வரப் பாக்குது."

மெல்லிய குழாய் உள்ளே போய் வந்தது. ஸ்கேன் திரையின் இருட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி நின்றது. இதலீனா சிலுவை போட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஒட்டலைன்னா?"

"பத்து நாள்ல தெரியும். ஒட்டலைன்னாலும் அது அவர் பிள்ளைதான்."

மாலையில் முன்னறை நிறைந்திருந்தது. மெழுகுவர்த்திகளுக்கு நடுவே வெள்ளிக் கிரீடம். நத்தாலியா உள்ளே வந்ததும் கிசுகிசுப்பு நின்றது. விஷயம் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

ஜெபமாலை தொடங்குமுன் யாருக்காக வேண்டுவது என்று அவரவர் எழுந்து சொல்வது வழக்கம். செராஃபிம் முதலில் சொன்னார்: "என் மகன் துவார்த்தேயோட ஆன்மாவுக்காக."

ஒருத்தி முழங்கால் வலிக்காகச் சொன்னாள். ஒருவர் வேலை போன தம்பிக்காக.

நத்தாலியா எழுந்தாள். "என் புருஷன் துவார்த்தேயோட பிள்ளைக்காக. கரு உண்டாகி மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னிக்கு பதினொண்ணே காலுக்கு என் வயித்துல வெச்சாங்க. எண்ணுறவங்க அங்கேருந்தே எண்ணுங்க."

இதலீனா தன் ஜெபமாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செராஃபிம் நிமிர்ந்த முதுகோடு ஆரம்பித்தார். ஜெபமாலையின் முதல் மணி. அருள்நிறை மரியே செபத்தில், ஒரு பெண்ணின் வயிற்றுக் கனியை வாழ்த்தும் இடம் வருகிறது. எண்ணில்லாத முறை அவர் வாய் அதைக் கடந்திருக்கிறது. இன்று அங்கே வந்ததும் குரல் நின்றது. நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

அந்தச் சொற்களை நத்தாலியா சொன்னாள்.

மற்றவர்கள் சேர்ந்து சொல்ல வேண்டிய பின்பாதியை இதலீனா எடுத்தாள். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள்.

செராஃபிம் அடுத்த மணிக்கு விரலை நகர்த்தினார். ஜெபமாலையில் அந்தச் செபத்துக்கு ஐம்பது மணிகள். ஐம்பது முறையும் அவர் அதே இடத்தில் நின்றார். ஐம்பது முறையும் அவள் சொன்னாள்.