வலது மேல் கடைசிப் பல்

மாலை ஆறுக்கு மேல் எங்கள் பல் கிளினிக்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஷூ கம்பெனிக்காரர்கள். ஷிப்ட் முடிந்து நேராக வருவார்கள். அவர்கள் எழுந்து போன பிறகும் நாற்காலியில் கொஞ்ச நேரம் பசை வாசனை இருக்கும்.

அன்று கடைசியாக வந்தவள் முத்துமாரி. நாட்றம்பள்ளிப் பக்கம். ஆம்பூரில் ஒரு கம்பெனியின் தையல் ஹாலில் வேலை. கூட வந்தவர் அந்தக் கம்பெனி எச்.ஆர். பஞ்சாட்சரம். அவளுக்குப் பல்வலி எதுவும் இல்லை. வயது தெரிய வேண்டும்.

"ஸ்கூல் சர்ட்டிபிகேட்ல பத்தொன்பது, ஆதார்ல பதினேழு" என்று அவர் டாக்டர் ஞானசீலனிடம் சொன்னார். "திருத்த எழுதிப் போட்டிருக்கு, இன்னும் வரல. திங்கக்கெழம வெளிநாட்டுப் பார்ட்டியோட ஆடிட்டர் வர்றாரு. பதினெட்டுக்குக் கம்மின்னா ஒரு ஆளால மொத்த ஆர்டரும் போய்டும். பல்லப் பாத்து லெட்டர் குடுத்தீங்கன்னா வெச்சிப்போம். இல்லன்னா நிறுத்திடணும். எனக்கும் பேஜாருதான் சார்."

"என் தங்கச்சியே பிளஸ் டூ முடிச்சிட்டா" என்றாள் முத்துமாரி. "அவளுக்கு அக்கா நான். எனக்கு எப்படி சார் பதினேழு?"

டாக்டர் பகலெல்லாம் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு வருபவர். கண்ணைக் கசக்கிக்கொண்டே, "ஜெமி, ஒரு ஓ.பி.ஜி. எடு" என்றார் என்னிடம்.

ஓ.பி.ஜி. என்றால் இரண்டு தாடையும் ஒரே எக்ஸ்ரே படத்தில் விழும். முன்பல்லால் கட்டையைக் கடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். கருவி தலையைச் சுற்றி வரும். காலையிலிருந்து நின்று எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. வேலூர் பஸ்ஸை நினைத்துக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்.

"கர்ப்பமா இல்லையே?"

"கல்யாணமே ஆவல."

"தலை, காது, கழுத்து, எல்லாம் கழட்டியாச்சா?"

கொண்டை ஊசிகளையும் செயினையும் தட்டில் போட்டுவிட்டுத் தலையாட்டினாள். இரண்டு காது மடலிலும் பழுப்பு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. புண் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் திரையில் வந்தது. வயதைச் சொல்வது கடைசிக் கடைவாய்ப் பல்தான். அதன் வேர் வளர்ந்து முடியும் வரை நுனி புனல் போலத் திறந்திருக்கும். முடிந்ததும் மூடிக்கொள்ளும். மூடியிருந்தால் பதினெட்டைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். முத்துமாரிக்கு அப்படி நான்கு பல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. வலது மேல் பல். மற்ற மூன்றும் உருவாகவே இல்லை. இருந்த ஒன்றின் வேர் நுனிமேல் வெள்ளையாக ஒரு மங்கல் விழுந்திருந்தது.

"தோட்ட கழட்டலியா?" என்றார் டாக்டர். படத்தின் இரண்டு ஓரத்திலும் தோடுகள் பளிச்சென்று தெரிந்தன. ஒரு காதின் தோடு எதிர்ப்பக்கத்திலும் சற்று மேலே, பெரிதாக, கலங்கலாக இன்னொரு முறை விழும். இடது தோட்டின் அந்த நிழல்தான் வலது பல்லின்மேல் விழுந்திருந்தது.

முத்துமாரி காதைத் தொட்டாள். "பிளாஸ்டர் போட்டிருக்கேனே."

தோடு கழன்று ஷூவுக்குள் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக ஹாலில் எல்லாரும் இப்படி ஒட்டிக்கொள்வார்களாம். ஒட்டிவிட்டால் சூபர்வைசர் கேட்பதில்லை. நாளடைவில் அவளுக்கு ஒட்டுவதும் கழற்றுவதும் ஒன்றாகிவிட்டது.

டாக்டர் திரையை நெருங்கிப் பார்த்தார். "மூடின மாதிரிதான் தெரியுது. பதினெட்டு தாண்டியிருக்கலாம்னு எழுதிடறேன்."

பஞ்சாட்சரம் மூச்சு விட்டார். "அது போதும் சார்."

"மாதிரியா?" என்றாள் முத்துமாரி. "வேணாம் சார். அப்புறம் இன்னொருத்தர் வந்து மாதிரின்னா இன்னான்னு கேப்பாரு. நல்லா எடுத்துப் பாத்துடுங்க. இதோட முடியட்டும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவளை மறுபடி உள்ளே கூட்டிப்போனேன். பிளாஸ்டரை உரித்தபோது காது மடல் வெளுத்து ஊறியிருந்தது. தோட்டின் திருகு இறுகியிருந்தது. அதைத் திருகிக்கொண்டே மெதுவாகச் சொன்னேன்.

"சில பேருக்குப் பல்லு லேட்டா வளரும். தெளிவா எடுத்தா அதுவும் தெளிவா தெரிஞ்சிடும். முன்ன எடுத்ததே போதும்னு சொல்லிடலாமா?"

"எனக்குப் பத்தொன்பதுதான் அக்கா" என்றாள். "நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

கட்டையைக் கடித்துக்கொண்டு நின்றாள். முதல் தடவையைவிட அசையாமல் நின்றாள்.

படம் நன்றாக வந்தது. இவ்வளவு சுத்தமான படம் அந்த வாரத்தில் நான் எடுக்கவில்லை. வேர் நுனி புனல் போலத் திறந்திருந்தது.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "பத்தொன்பதுலயும் இப்படி இருக்கும்மா. பதினேழுலயும் இருக்கும். பல்லால இதுக்கு மேல சொல்ல முடியாது. பதினாறுலேர்ந்து இருபத்திரண்டுக்குள்ளன்னு வேணா எழுதலாம்."

"பதினாறுன்னு எழுத்துல இருந்தா போதும் சார், ஆடிட்டர் ஆர்டர நிறுத்திடுவாரு" என்றார் பஞ்சாட்சரம். கொஞ்சம் தயங்கி, "முதல் படத்துக்கே எழுதிட்டா?" என்றார்.

"ரெண்டாவதையும் பாத்துட்டேனே" என்றார் டாக்டர்.

பஞ்சாட்சரம் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆதார் வந்ததும் வா. மிஷின்ல ஒனக்கு எடம் வெச்சிருக்கேன்."

"வெச்சிருப்பீங்களா சார்?"

அவர் பைக் சாவியைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

முத்துமாரி திரை முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். தன் பல்லை அவள் இதற்கு முன் பார்த்திருக்கமாட்டாள். "எல்லாத்துக்கும் வயசாச்சு" என்றாள். "இது மட்டும் எம்மா நேரம் எடுத்துக்குது பாருங்கக்கா."

தட்டை நீட்டினேன். ஊசிகளைச் செருகி, செயினைப் போட்டு, தோட்டைத் திருகிக்கொண்டாள். பழைய பிளாஸ்டரைக் குப்பையில் போட்டிருந்தேன். டிராயரிலிருந்து புதிதாக இரண்டு எடுத்துக் கொடுத்தேன்.

அவள் அதைப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்தாள்.

"எதுக்குக்கா? நாளைக்கு ஹாலுக்குப் போகலியே."