சேனாபதி முதுகில் இருபது பவுண்டு அரிசி

1998-ஆம் வருஷம் மார்ச் மாதத்திலிருந்து ஜெர்சி சிட்டியில் சேனாபதி தரைக்கு நாலு அங்குலம் மேலேதான் நடந்தார். காற்று அடிக்கும் நாட்களில் ஜர்னல் ஸ்கொயர் ரயில் பிளாட்பாரத்துத் தூணைக் கட்டிக்கொள்வார். பிறகு இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டையை வாங்கி, முதுகுப் பையில் திணித்து, நெஞ்சுக்குக் குறுக்கே பக்கிளை மாட்டிக்கொண்டார். ஷூ தரையில் பட்டது. அவர் கம்ப்யூட்டர் வேலை பார்த்த வங்கியில், பையில் இருப்பது மதியச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்து டாக்டர் தம்பிராஜா பரிசோதித்துப் பார்த்து, "பிரஷர் சரியா இருக்கு தம்பி. பையை மட்டும் கழட்டாதேங்கோ" என்று சொல்லி அனுப்பினார்.

தொடக்கம் ஒரு ரசம் சாதத்தில். சேனாபதியை அமெரிக்காவுக்குக் கூட்டிவந்த ஏஜென்சி முதலாளி பத்மநாபன், வருகிற ஒவ்வொருவரையும் தானே ஏர்போர்ட்டில் வரவேற்பார். "பாஸ்போர்ட்டைக் குடுங்க, ஆபீஸ் லாக்கர்ல சேஃபா இருக்கும்" என்பார். தூக்கக் கலக்கத்தில், அப்படி வந்த ஒன்பது பேரும் கொடுத்தார்கள். சிலர் மரியாதைக்கு முறுக்கு டப்பாவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மார்ச்சில், சேனாபதியோடு ஒரே அறையில் இருந்த சுவாமிநாதனின் அப்பா திருச்சியில் இறந்துபோனார். ஊருக்குப் போகப் பாஸ்போர்ட் கேட்டபோது, பிராஜெக்ட் முடியட்டும், அப்புறம் தருகிறேன் என்றார் பத்மநாபன். ஊரில் சுவாமிநாதனின் தம்பி கொள்ளி வைத்தான். அன்று வீட்டில் எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்து ரசம் சாதம் சாப்பிட்டார்கள். சேனாபதிக்குத் தொண்டை வரை ஒரு வார்த்தை வந்தது. தண்ணீர் குடித்து அதை உள்ளே அனுப்பிவிட்டு, கை கழுவ எழுந்தார். கால் தரைக்குத் திரும்பவில்லை.

நவம்பரில் கீழ்மாடி நாகமணியின் முறை வந்தது. பொள்ளாச்சிப் பெண், அதே ஏஜென்சி. அவள் அம்மாவுக்குக் கோயமுத்தூரில் திங்கட்கிழமை இதய ஆபரேஷன். வெள்ளிக்கிழமை மாலை விமானம். பாஸ்போர்ட் லாக்கரில். வெள்ளி மதியம் லிஃப்ட் வாசலில் அவள் இதைச் சொன்னாளே தவிர, உதவி எதுவும் கேட்கவில்லை. "நானும் வரேன் அம்மிணி" என்று தன் வாய் சொன்னதைக் கேட்டு சேனாபதியே திடுக்கிட்டார். அப்போதே பை லேசாக மேலே இழுத்தது.

ஏஜென்சி ஆபீசில் பத்மநாபன் நாகமணியைப் பார்க்கவே இல்லை. "சேனாபதி, இது உங்க மேட்டர் இல்ல. உங்களுக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணணுமா, வேண்டாமா?" என்றார். குறி தப்பவில்லை. சேனாபதி மூட்டையோடு ஒரு அடி எழும்பினார். நாகமணி பாய்ந்து அவர் காலைப் பிடித்தாள். பத்மநாபன் கதவைத் திறந்து, "கெளம்புங்க ரெண்டு பேரும். மூணு மணிக்கு பேங்க்ல இருந்து ஆள் வராங்க" என்றார். மணி இரண்டே முக்கால். சேனாபதி கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கீழே இருந்தால் தள்ளிவிடுவார்கள்.

"காலை விடு அம்மிணி" என்றவர், பக்கிளைக் கழற்றினார். மூட்டை மேஜை மேல் தொப்பென்று விழுந்து வாய் பிளந்தது. சேனாபதி இரண்டு டியூப்லைட்டுகளுக்கு நடுவே போய் ஒட்டிக்கொண்டார்.

"யோவ், எறங்குய்யா!"

"முடியாதுங்க. பயமா இருக்குதுங்க. அந்தப் புள்ள பாஸ்போர்ட்டக் குடுத்துருங்க."

பத்மநாபன் நாற்காலி மேல் ஏறிக் குடையால் குத்திப் பார்த்தார். சேனாபதி நகர்ந்து நகர்ந்து தப்பித்தார். செக்யூரிட்டி வந்து அண்ணாந்து பார்த்து, தனக்குக் கதவுவரைதான் டியூட்டி என்று போய்விட்டார். பேங்க்காரர்கள் லிஃப்டில் ஏறிவிட்டதாக ரிசப்ஷனிலிருந்து போன் வந்தது. பத்மநாபன் அரிசியை மிதித்துக்கொண்டு ஓடி லாக்கரைத் திறந்து, நாகமணியின் கையில் பாஸ்போர்ட்டை வைத்தார். "போதுமா? எறங்கு!"

மேலிருந்து பார்க்க லாக்கர் முழுக்கத் தெரிந்தது. "இன்னும் எட்டு இருக்குதுங்க" என்றார் சேனாபதி. பல் தந்தியடித்தது. ஆனாலும் எட்டு என்று தெளிவாகவே சொன்னார். எட்டும் வந்தன.

நாகமணி எல்லாவற்றையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலி மேல் ஏறி, துப்பட்டாவின் ஒரு நுனியைச் சேனாபதியின் கணுக்காலில் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தாள். எதிரே வந்த பேங்க்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ரயிலில் கண்டக்டர், கதவில் கால் மாட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வீட்டு வாசலில் துப்பட்டா நுனியைச் சுவாமிநாதனிடம் கொடுத்துவிட்டு நாகமணி ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி பிடித்தாள்.

அதற்கப்புறம் அந்த ஏஜென்சியில் யாரும் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. பத்மநாபன் கேட்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை போன் வந்தது. சுவாமிநாதன் ரிசீவரை மேலே நீட்டினார்.

"அம்மா கண்ணு முழிச்சுட்டாங்கண்ணா. காப்பி கேட்டாங்க." நாகமணி மூக்கை உறிஞ்சினாள். "நீங்க எறங்கிட்டீங்களா?"

"இல்ல அம்மிணி. பயம் அப்படியேதான் இருக்குது."

"அப்ப புது மூட்டை வாங்கலாமுல்லண்ணா?"

"சனிக்கிழமை போகணும்" என்றார் சேனாபதி. சுவாமிநாதன் நாற்காலி மேல் ஏறி, ரசம் சாதத் தட்டை அவர் கையில் கொடுத்தார். "சிந்தாம சாப்பிடுங்க, தொடைக்கறது நான்தான்" என்று சொல்லிவிட்டு, தன் தட்டோடு அவருக்கு நேர் கீழே உட்கார்ந்தார்.