நான்கு பக்கச் சட்டம்

அந்த ஆல்பத்தில் சங்கிலியம்மாளுக்கு முகம் இல்லை; முழங்கை மட்டும் இருந்தது.

தம்பி ஈஸ்வரபாண்டியின் மகனுக்குக் காது குத்திய நாளில் எடுத்த படம் அது. பதினோரு பேர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வலது ஓரத்தில் சாம்பல் நிறச் சேலையின் ஒரு மடிப்பும், பையைப் பிடித்த ஒரு முழங்கையும் அறுபட்டு நின்றன. யாரும் அவளை விரட்டவில்லை. "மங்களகரமா இருக்கிறவக மட்டும் நடுவுல வாங்க" என்றார் ஸ்டூடியோக்காரர், அவளே விலகிக்கொண்டாள். அப்போது அவள் கணவனை இழந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப், கம்பம் மெட்டு மலைப்பாதையில் உருண்டதில் இறந்தவன் அவன். விபத்து அவனுக்கு, தண்டனை அவளுக்கு. எந்த மன்றத்தில் விசாரித்தார்கள்? எந்த நீதிபதி எழுதிய தீர்ப்பு இது?

இந்தக் கேள்விகளைச் சங்கிலியம்மாள் கேட்டதில்லை. அவளுடைய தங்கை ஜோதிலட்சுமி கேட்டாள், அதுவும் மனத்துக்குள்தான். சின்னமனூரில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியை அவள். கிரகணத்தைப் பற்றி அரை மணி நேரம் தடையில்லாமல் பேசுவாள். அண்ணன் ஈஸ்வரபாண்டிக்கு முன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது சங்கிலியம்மாளின் ஒரே மகள் வைகைச்செல்விக்கு நிச்சயம். ஞாயிற்றுக்கிழமை காலை, உத்தமபாளையத்தில் தாய்மாமன் ஈஸ்வரபாண்டியின் வீட்டில். அதே ஸ்டூடியோக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. பெற்ற மகளின் படத்திலும் தாய்க்கு ஒரு முழங்கைதான் மிச்சமா? சனிக்கிழமை காலை ஜோதி கணவன் விஜய்ராஜை எழுப்பினாள். "தேனிக்குப் போறோம். நாளைக்குப் படத்த நான் எடுக்கப் போறேன்."

மாடிக்கடைக்குப் படியேறும்போதுதான் விஜய்ராஜுக்குச் சந்தேகம் வந்தது. "செல்லுல எடுத்தா ஆகாதா, டீச்சரம்மா?"

"செல்லுல எடுக்கிறவ சொன்னா யாருங்க நகருவா? கழுத்துல பெரிய கேமராவத் தொங்கவிட்டுக்கிட்டு, 'அங்கன நில்லுங்க'ன்னு சொல்லிப் பாருங்க. தாசில்தாரே நிப்பாரு."

பழைய கேமராக்களை வாங்கி விற்கும், பாஸ்போர்ட் படமும் எடுக்கும் கடை அது. உரிமையாளர் சேவியர் ராயப்பன்பட்டிக்காரர். கால் நூற்றாண்டு காலம் கோயில் கல்யாணங்களைப் படம் பிடித்துவிட்டு, முழங்கால் தேய்ந்தபின் நாற்காலியில் உட்கார்ந்தவர்.

"என்ன விலைக்குள்ள பார்க்கிறீக?"

"இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல ஒரு ரூபா கிடையாதுண்ணே. குடும்பப் படம் எடுக்கத்தான். நாளைக்கே வேணும்."

"நாளைக்கா?" சேவியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பப் பழகிப் பார்க்கவும் நேரமில்ல. அந்த விலைக்குப் பழசுதான். ஆனா பழசுலயும் நல்லது இருக்கு, நாசமாப் போனது இருக்கு."

கண்ணாடிப் பலகையில் பளபளவென்று இருந்த ஒன்றை விஜய்ராஜ் அதற்குள் கையில் எடுத்திருந்தான். சேவியர் அதை வாங்கி, லென்ஸைக் கழற்றி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சினார். கண்ணாடிக்குள் சிலந்தி இழை போல ஏதோ பரவியிருந்தது.

"மேகமலை எஸ்டேட்டுல இருந்து வந்தது. மேகம் உள்ளயே குடியேறிருச்சு. பூஞ்சை. மேல பார்த்தா மாப்பிள்ளை கணக்கா இருக்கும். எடுத்த படத்துல பூராம் பனி விழும். இத விக்கிறதுக்கு வைக்கல, காட்டுறதுக்கு வச்சிருக்கேன்."

பின்பு ஓரம் தேய்ந்த ஒரு கேமராவை எடுத்து வைத்தார். தோல் உரிந்திருந்தது, உள்ளே சுத்தம். "பன்னெண்டாயிரம் படந்தான் எடுத்திருக்கு. இதுக்கு வயசே ஆகல." அதன் பக்கத்தில் இரண்டு லென்ஸ்கள். ஒன்று குட்டையானது, ஐம்பது மில்லிமீட்டர். மற்றொன்று நீண்டு சுருங்குவது, பதினெட்டில் தொடங்கி ஐம்பத்தைந்தில் முடிவது. "உங்க காசுக்கு ரெண்டுல ஒண்ணுதான்."

"ஐம்பது. இதுல யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றான் விஜய்ராஜ். "வர்ற வழியில நாலு வீடியோ பார்த்திருக்கேன். நம்ம பாப்பா முகம் மட்டும் பளிச்சுன்னு நிக்கும். பின்னாடி இருக்கிறது பூராம் கரைஞ்சு போயிரும்."

"பின்னாடி இருக்கிறது ஆளா இருந்தா?" என்று கேட்டாள் ஜோதி.

ஜோதி ஐம்பதை மாட்டச் சொன்னாள். பாஸ்போர்ட் படத்துக்கு வந்திருந்த மூவரையும் கணவனையும் சேவியரையும் கல்லாவில் இருந்த பெண்ணையும் வரிசையாக நிற்கவைத்தாள். கண்ணை வைத்துப் பார்த்தாள். மூன்று பேர்தான் தெரிந்தார்கள். பின்னால் நகர்ந்தாள், மீண்டும் நகர்ந்தாள், முதுகு அலமாரியில் முட்டியது. அப்போதும் நான்கு பேர்தான். ஓரத்து இருவர் இல்லை. அவர்களை யாரும் போகச் சொல்லவில்லை. இடம் இல்லை, அவ்வளவுதான். இடம் இல்லை என்ற சொல்லைவிடச் சாதுவான சொல் ஒன்று உண்டா? அதைவிட அதிகம் பேரைக் கொன்ற சொல்தான் உண்டா?

மற்ற லென்ஸை மாட்டினார்கள். அதே இடம், அதே அலமாரி. ஆறு பேரும் வந்தார்கள். டியூப்லைட்டும் சன்னல் திரையும்கூட உடன் வந்தன.

"இது செல்லுல எடுத்த மாதிரியேதான் இருக்கும்" என்று முணுமுணுத்தான் விஜய்ராஜ்.

"எங்க அண்ணன் வீட்டு ஹால் பத்தடி அகலங்க. நான் பின்னாடி போறதுக்குச் சுவரு தள்ளிப் போகுமா?"

சேவியர் சிரித்தார். "தெளிவாத்தான் இருக்கீக. ஒண்ணு சொல்லிப்புடுறேன், அப்புறம் என்னையத் திட்டாதீக. அகலமா எடுத்தா, ஓரத்துல நிக்கிறவக கொஞ்சம் தடிச்சுத் தெரிவாக."

"தடிச்சே தெரியட்டும்ணே. தெரிஞ்சாச் சரி."

படம் எடுக்கும் முறையையும் அவரே சொல்லித் தந்தார். பொத்தானைப் பாதி அமுக்க வேண்டும். பச்சைப் புள்ளி வந்தபின் மீதியை அமுக்க வேண்டும். அவசரம் ஆகாது.

தமிழில் படத்தைச் சுற்றி நிற்பதும் சட்டம். மனிதரைச் சுற்றி நிற்பதும் சட்டம். இரண்டையும் செய்தவர்கள் மனிதர்கள்தாம் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஜோதிலட்சுமி அன்று விலை கொடுத்து வாங்கியது கொஞ்சம் அகலமான ஒரு சட்டத்தை.

ஞாயிறு காலை கேமராவைப் பார்த்ததும் ஈஸ்வரபாண்டிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ஏத்தா ஜோதி, உன்னுதா இது? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றவன், அவள் கண்முன்னாலேயே ஸ்டூடியோக்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இனி அந்த வீட்டில் அவள் கண் எதைப் பார்க்கிறதோ அதுதான் படம்.

கம்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை கார்த்திக்ராஜின் தாய் முருகம்மாள் பட்டுச் சேலை சரசரக்க நடுவில் அமர்ந்தாள். அதிகம் பேசாதவள், எதையும் பார்க்காமல் விடாதவள். தட்டு மாற்றினார்கள். வைகைச்செல்விக்குப் பூ வைத்தார்கள். அத்தனையையும் சங்கிலியம்மாள் அடுக்களை வாசலில் நின்று, கதவுநிலைக்கும் திரைக்கும் இடையிலிருந்த நான்கு விரல் இடைவெளியில் பார்த்தாள். ஜோதி அத்தனையையும் எடுத்தாள்.

"சரி, குடும்பப் படம்" என்றான் ஈஸ்வரபாண்டி. எல்லோரும் சுவர் ஓரம் நெருக்கியடித்து நின்றார்கள்.

ஜோதி கேமராவைத் தூக்கவில்லை. "அக்கா" என்றாள். குரல் தனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். "அக்கா, நீங்களும் வாங்க."

திரை அசைந்தது. சங்கிலியம்மாள் வெளியே வரவில்லை. ஜோதியைத்தான் உள்ளே இழுத்தாள்.

"உனக்குக் கிறுக்காடி? சம்பந்தக்காரவக முகத்தப் பார்த்தியா? நீ பேசிப்புட்டு சின்னமனூருக்கு வண்டி ஏறிருவ. நாளைக்கு அங்கன போயி வாழப் போறது என் பிள்ளை."

"நீங்க வராம நான் எடுக்க மாட்டேங்க்கா."

"எடுக்காட்டிப் போ. எனக்குப் படம் வேணாம். என் பிள்ளைக்கு வாழ்க்கை வேணும்."

ஈஸ்வரபாண்டி அடுக்களை வாசலுக்கு வந்தான். தங்கையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், திரும்பி முருகம்மாளைப் பார்த்தான். திடீரென்று அவனுக்கு வழி ஒன்று தோன்றியது. குரலை உயர்த்தி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"சித்திக்காரி இல்லாமக் குடும்பப் படமா? ஜோதி, நீ வந்து வரிசையில நில்லு. கேமராவ அக்காகிட்டக் குடு, அவுக எடுக்கட்டும். அவுகளும் கலந்துக்கிட்ட மாதிரி ஆச்சுல்ல?"

"நல்ல யோசனை" என்றது மாப்பிள்ளை வீட்டுக் குரல் ஒன்று.

கொடுமை எப்போதும் கோலெடுத்து வருவதில்லை. வெள்ளை வேட்டி கட்டி, சந்தனம் பூசி, எல்லோர் மனமும் நோகாத ஒரு யோசனையாகவும் வரும். அக்காவை உள்ளே கொண்டுவர வாங்கிய கருவியே அவளை வெளியே நிறுத்த வசதியான காரணம் ஆகிவிட்டது! ஆனால் சங்கிலியம்மாள் கையை முந்தியில் துடைத்துக்கொண்டு, "குடு" என்றாள்.

ஜோதி வாரை அக்காவின் கழுத்தில் மாட்டினாள். பாதி அமுக்குவதையும் பச்சைப் புள்ளியையும் கிசுகிசுத்தாள். பிறகு போய், தங்கள் குழந்தை பாப்பாவைத் தூக்கி வைத்திருந்த விஜய்ராஜின் அருகில், வரிசையின் கடைசியில் நின்றாள்.

சங்கிலியம்மாள் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினாள்.

பதினாறு முகங்கள் அவளையே பார்த்தன. வேலைக்குப் புறப்படும்போது அவள் எதிரே வந்தால், சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர்கள் அந்த வரிசையில் இருந்தார்கள். இப்போது அவளை நேருக்கு நேர் பார்த்தே ஆக வேண்டும். பார்த்துச் சிரித்தே ஆக வேண்டும். அக்காவின் முகத்தில் ஜோதிக்குத் தெரிந்தது வாய் மட்டும்தான். அந்த வாய் மெல்ல இறுகியது.

"மாப்பிள்ளை, நீங்க ஒரு எட்டு அங்கன."

கார்த்திக்ராஜ் நகர்ந்தான்.

"செல்வி, நீ அசையாத. மதினி, உங்க தோளு பின்னாடி நிக்கிறவுகள மறைக்குது. கொஞ்சம் இடது கைப் பக்கம்."

முருகம்மாள் நகர்ந்தாள். சொன்னது யார் என்று யாரும் யோசிக்கவில்லை. கேமரா சொன்னது, கால்கள் கேட்டன.

"தம்பி பாண்டி, நீ வெளிய வா. இன்னும் வா."

"அக்கா, படத்துலயே இருக்க மாட்டேன் போலருக்கே!"

"நாந்தான பார்க்கிறேன்? சொன்னதச் செய்யி."

ஈஸ்வரபாண்டி வரிசையை விட்டு வெளியே வந்தான். வைகைச்செல்வியின் வலப்புறத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம் திறந்திருந்தது. அது எப்படித் திறந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முருகம்மாள் மட்டும் அதைக் குனிந்து பார்த்தாள்.

"இங்கன யாரு நிக்கணும்?"

சங்கிலியம்மாள் கேமராவை இறக்கினாள். வாரைக் கழற்றி, எதிரே நின்ற தம்பியின் கழுத்தில் மாட்டினாள்.

"பெத்தவ நிக்கணும், மதினி" என்றாள். "தம்பி, பாதி அமுக்கு. பச்சைப் புள்ளி வரவும் முழுசா அமுக்கு."

நடந்து போய் அந்த இடத்தில் நின்றாள். மகள் அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

ஈஸ்வரபாண்டி கேமராவைத் தூக்காமல் முருகம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜோதியும் பார்த்தாள். முருகம்மாள் வரிசையை விட்டு ஒரு அடி எடுத்து வைத்தால் போதும்; தட்டு திரும்பும், பூ வாடும், செல்வியின் வாழ்க்கை கம்பம் ரோட்டில் ஏறிப் போய்விடும். அவள் சங்கிலியம்மாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வெறும் நெற்றியில் அவள் பார்வை நின்றது. கார்த்திக்ராஜ் தாயின் பக்கம் திரும்பினான்.

அண்ணன் எதிரில் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டிருந்த நாக்கு, அப்போது பிரிந்தது.

"என்னண்ணே பார்த்துக்கிட்டு நிக்கிறீக? எடுங்க!"

பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசைவரை கேட்கும் குரல் அது. ஈஸ்வரபாண்டி திடுக்கிட்டுக் கேமராவைத் தூக்கினான். பாதி அமுக்கினானோ முழுதும் அமுக்கினானோ, ஹால் ஒருமுறை வெள்ளையாகி மீண்டது.

முருகம்மாள் கண்ணைக் கசக்கினாள்.

"ஏ தம்பி, வெளிச்சம் படவும் கண்ண மூடிப்புட்டேன். இன்னொண்ணு எடுங்க" என்றாள். பிறகு, பக்கத்தில் நின்றவளின் தோளில் சுருண்டிருந்த முந்தியை ஒரு விரலால் நிமிர்த்திவிட்டாள். "நேரா நில்லுங்க மதினி. எல்லாரும் பார்க்கிற படம்."

ஈஸ்வரபாண்டி மறுபடியும் கேமராவைக் கண்ணில் வைத்தான். யாரும் நகரவில்லை.