ஓரகத்தியின் எலிகள்

ஓரகத்தியின் எலிகள் சூட்டுக்கு நன்றாகப் பழகிவிட்டன என்று கேட்ட அன்றிலிருந்து மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. தான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் இளையவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே மூத்தவள்தான். கொழுந்தன் பெண்டாட்டி வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று ஆய்வுக்கூடத்தை நடத்தும் டாக்டரம்மாவிடம் கெஞ்சிச் சேர்த்துவிட்டாள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவாள் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்குப் பன்னிரண்டு எலி. அறையில் முப்பத்துநாலு டிகிரி சூடு; ஒரு மாதத்துக்கு இறக்கவே கூடாது. நாள்பட்ட வெப்பத்துக்கு எலியின் உடம்பு எப்படி இசைகிறது என்று பார்க்கிற சோதனை. முடிந்ததும் இருவரில் ஒருத்தியைத்தான் நிரந்தரமாக்க முடியும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

பத்தாம் நாள் இளையவளின் அறையிலிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார்.

"இங்க வந்து பாருங்க. உள்ள சூடு கிளம்பக் கூடாதுன்னு தீனியையே குறைச்சிருச்சுங்க. வாலைத் தொடுங்க. உடம்புச் சூட்டை அது வழியாத்தான் வெளிய விடுதுங்க."

மூத்தவள் தொட்டாள். வால் வெதுவெதுவென்றிருந்தது. எலிகள் கைகால் பரப்பி, மாமியார் இல்லாத வீட்டு மருமகள் மாதிரிப் படுத்திருந்தன. அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. அவளுடைய எலிகளும் பழகிக்கொண்டுதான் இருந்தன, கொஞ்சம் மெதுவாக. ஆனால் பொறாமைக்குப் பொறுமை ஏது?

மறுநாளிலிருந்து கூண்டுத் தட்டுகளுக்கு அடியில் ஐஸ் பைகளை ஒளித்துவைத்தாள். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, வீட்டுக்குக் கிளம்பும்போது இன்னொரு தடவை. எலிகளின் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கியது. "உங்க எலிங்களோட அளவுதான் பிரமாதம்" என்றார் டாக்டரம்மா. அன்று அவள் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

கடைசி நாள் தேர்வு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள், நாற்பது டிகிரி, ஒரு மணி நேரம். ஐஸ் வைக்க வழியில்லை.

பதினைந்தாவது நிமிடம் இளையவளின் எலிகள் வாலை நீட்டிக் கிடந்தன. மூத்தவளின் எலிகளோ சுவரைப் பிறாண்டின, எச்சிலால் ரோமத்தை நனைத்துத் தவித்தன. பிறகு ஒன்று சாய்ந்தது. அதன் மேலேயே இன்னொன்று.

ஒரு மாதம் தன் கையால் தீனி தின்றவை. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் எலிகள்தான் பலவீனம் என்று எழுதியிருப்பார்கள். அவள் பெட்டியின் கதவைப் படாரென்று திறந்தாள்.

"யாரு திறக்கச் சொன்னது?" என்றார் டாக்டரம்மா.

"ஐஸ் வச்சேம்மா... பத்து நாளுக்கு அப்புறம் இதுங்களுக்கு சூடுன்னா என்னன்னே தெரியாது. எல்லாம் நான் பண்ணின வேலை."

இளையவள்தான் ஈரத் துணியோடு ஓடிவந்தாள். "வாலை நனைங்கக்கா, சீக்கிரம்!" ஆறு எலிகளை அவளே மடியில் அள்ளிக்கொண்டாள். ஒன்றும் சாகவில்லை.

எலிகளுக்கு மூச்சு சீரானபின் இளையவள் டாக்டரம்மாவிடம் சொன்னாள்: "அக்காவை மட்டும் சொல்லாதீங்கம்மா. பக்கத்து ரூம்லயே இருந்துட்டு நான் ஒரு தடவை எட்டிப் பார்க்கலையே."

வேலை போகப்போகிறது என்பதுகூட மூத்தவளுக்கு அப்போது உறைக்கவில்லை. இப்படி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஒருநாளும் வராதே என்று நினைத்தாள். பாழாய்ப்போன பொறாமை மறுபடியும் நெஞ்சை அடைத்தது.