சும்மா கிடந்த இடம்

டொரோன்டோவுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியும் பூவரசனுக்கு ஒரு பயம் மட்டும் விடவில்லை. இந்த ஊர் என்றைக்காவது தன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும் என்ற பயம். டிராமில் ஏறினால் கார்டைச் சரியாகத் தட்டினோமா என்று பயம். ஆபீசில் நாலு பேர் சேர்ந்து சிரித்தால் நம்மைப் பார்த்துத்தானோ என்று பயம். காபிக் கடை வரிசையில் நிற்கும்போதே கேட்க வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வான். ஒரு காபிக்கு இந்தப் பாடு.

இத்தனைக்கும் பையன் ஒன்றும் சோடையில்லை. கல்லூரியில் படிக்கும்போதே விழுப்புரத்தில் சவுரிராயன் பேனர் கடையில் டிசைன் போட உட்கார்ந்தவன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் டீ ஆறுவதற்குள் முடித்துக் கொடுப்பான். பேனர் கடையில் சதுர அடிக்குக் காசு. காசு கொடுத்தவன் ஒரு அடி காலியாகக் கிடந்தால் பொறுப்பானா? "தம்பி, இவ்ளோ எடம் சும்மா கெடக்குதே, எங்க சின்ன மாமனார வச்சுடு" என்பான். சின்ன மாமனாரை வைத்தால் அவர் பேரனையும் வைக்க வேண்டும். கடைசியில் மாப்பிள்ளை, பெண் முகத்தையே தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

டொரோன்டோவில் எல்லாம் தலைகீழ். அவனுடைய மேலதிகாரி ஹெலனுக்கு எதைப் பார்த்தாலும் எடுத்துவிடச் சொல்லத்தான் தோன்றும். முதல் மாதம் அவன் போட்டதைப் பார்த்து, "இதில் என் கண் எங்கே போய் உட்காரும்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவன் எடுக்கக் கற்றுக்கொண்டான். பூவை எடுத்தான், பார்டரை எடுத்தான், நிறத்தை எடுத்தான். வேலையில் வைத்துக்கொள்வார்களா மாட்டார்களா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அதைச் சொல்லும் நாள் ஆவணியில் வந்தது. திண்டிவனத்தில் தங்கை சங்கவியின் கல்யாண வரவேற்பும் அதே நாளில் வந்து தொலைத்தது.

"வேலதான்டா முக்கியம், நீ அதப் பாரு" என்றார் அப்பா சீனுவாசன். சொன்னவர் வழக்கமாகப் பேசும் நாலு வார்த்தையைக்கூடப் பேசாமல் போனை வைத்துவிட்டார். அது பூவரசன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. கூடப் பிறந்தவன் கல்யாணத்துக்கு இல்லை என்றால் ஊர் என்ன பேசும் என்பதைவிட, அப்பா ஒன்றுமே பேசவில்லை என்பதுதான் அவனை அரித்தது. சரி, ஆள்தான் போக முடியாது, மண்டப வாசலில் நிற்கப்போகும் பேனராவது நம் கையால் போகட்டும் என்று உட்கார்ந்தான்.

பார்த்துப் பார்த்துச் செய்தான். இடது பக்கம் அப்பாவும் அம்மா கோவிந்தம்மாளும், ஆள் உயரத்துக்கு முகங்கள், கருப்பு வெள்ளையில். வலது ஓரத்தில் சங்கவியும் மாப்பிள்ளையும் மட்டும் கலரில், சின்னதாக. நடுவே பாதி பேனருக்கு வெறும் வெள்ளை. சாமி படம் இல்லை, ரோஜாப்பூ இல்லை, தாய்மாமன் இல்லை. தன் படத்தைக்கூட அவன் வைத்துக்கொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹெலனிடம் காட்டினான். அவள் முதல்முறையாக ஒன்றையும் எடுக்கச் சொல்லவில்லை. பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். அன்று சாயங்காலம் டிராமில் கார்டைத் தட்டினோமா என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

சவுரிராயனுக்கு அனுப்பிவிட்டு, "அண்ணே, ஒரு புள்ளிகூட மாத்தக்கூடாது. பூ கீ எதையும் சேக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னான். "நீ சொன்னா சரிப்பா" என்றார் அவர். பேனர் அப்படியே மெஷினில் ஏறி, அப்படியே திண்டிவனத்துக்கு வேனில் போனது.

வரவேற்பு நாள் அங்கே சாயங்காலம் என்றால் இங்கே காலை. ஒன்பது மணிக்கு வேலை விஷயத்தைச் சொல்ல ஹெலன் கூப்பிடுவாள். டிராமில் போய்க்கொண்டிருந்தபோது தாய்மாமன் கோகுலகிருஷ்ணன் போன் செய்தார்.

"டேய் பூவரசு, இன்னாடா பண்ணி வச்சிருக்க?"

"என்ன மாமா?"

"எங்க அக்காவையும் மாமாவையும் சாவடிச்சு வாசல்ல மாட்டி வச்சிருக்கியேடா. என் போட்டோ வைக்கல, அது போவுது. இவங்க ரெண்டு பேரு கலரு எங்கடா?"

விழுப்புரம் ஜில்லாவில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூடத் தெரியும்: பேனரில் கலரில் இருந்தால் ஆள் இருக்கிறார், கருப்பு வெள்ளையில் இருந்தால் ஆள் போய்விட்டார். இதைப் பூவரசனுக்கு யார் சொல்லித் தர வேண்டும்? சாவு வீட்டுக்காரர்கள் கலர் போட்டோவைத்தான் கொண்டுவருவார்கள். அவன்தான் நிறத்தை எடுப்பான். அதுவரை கல்லாகப் பின்னால் நின்றிருந்த பெண்கள் அந்த ஒரு கிளிக்கில் வாய்விட்டு அழத் தொடங்குவார்கள். எத்தனையோ முறை மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதே கிளிக்கை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செய்தபோது அவன் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள வீட்டு வேன் மயிலத்துலருந்து வந்து ரோட்லயே நிக்குது" என்றார் மாமா. "அவங்க பெரியம்மா எறங்கமாட்டேன்றாங்க. இந்தப் படத்துக்குக் கீழ பூந்து எங்க புள்ள உள்ள வராதுன்றாங்க."

"கழட்டிடுங்க மாமா. ஒடனே கழட்டிடுங்க."

"பொண்ணு மாப்ள பேரு போட்டு ஏத்துனத எறக்குனா அது அதவிட ஆவாதாம். ஒரே பேஜாரா இருக்குது. இரு, ஒங்கப்பா எங்கியோ வேகமா போறாரு…"

போன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டான், மாமா எடுக்கவில்லை. அப்பா எடுக்கவில்லை. அம்மா எடுக்கவில்லை. சங்கவியின் போன் அணைந்து கிடந்தது. அவள் அலங்காரம் முடித்து உட்கார்ந்திருப்பாள். வெளியே வேன் நிற்பது அவளுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்தால் அழுவாள். அவள் கல்யாணம் தன் கையால் நின்றுபோனால் எந்த முகத்தோடு ஊருக்குப் போவது?

டிராமில் உட்கார முடியாமல் ஏழெட்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தான். சகுனம் என்றால் சிரிக்கிறவன்தான். ஆனால் அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. எங்கேயோ வேகமாகப் போகிறார் என்றாரே மாமா. இன்றைக்குப் பார்த்து அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் படத்தை நிஜமாகவே எடுத்து மாட்ட வேண்டி வந்தால்? நினைப்பை நிறுத்தத் தெரியவில்லை. மயிலம் முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டான். போதாது என்று தோன்றவே மேல்மலையனூர் அங்காளம்மனையும் சேர்த்துக்கொண்டான். பக்கத்தில் போன வெள்ளைக்காரக் கிழவர் நின்று அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆபீஸ் வாசலில் நின்றபோது மணி ஒன்பது. ஹெலன் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சரியாக அந்த நேரத்தில் அப்பா வீடியோவில் வந்தார். பூவரசன் ஹெலனைப் பார்த்துக் கையைக் காட்டினான், இரு என்று. அந்த ஊரில் அவன் ஒருத்தரை நிற்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்பா, வேன் போயிடுச்சா?"

"எங்க போவுது? எல்லாம் உள்ள சாப்பிட்டுக்கினு இருக்காங்க." அப்பா முகமெல்லாம் வேர்வை. பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "நானும் ஒங்கம்மாவும் போயி பேனருக்குக் கீழயே நின்னுட்டோம். கையெடுத்துக் கும்பிட்டுக்கினு நின்னோம். யாருக்கு சந்தேகமோ வந்து தொட்டுப் பாருங்கன்னேன். மாப்ளதான் மொதல்ல எறங்கி வந்தாரு. கையப் புடிச்சுப் பாத்துட்டு, 'சூடாத்தான் இருக்கீங்க மாமா'ன்னாரு. அவங்க பெரியம்மாவே சிரிச்சிட்டாங்க."

அம்மா பக்கத்திலிருந்து தலையை நீட்டினாள். "இன்னும் நின்னுக்கினேதான்டா இருக்கோம். வர்றவங்க எல்லாருக்கும் உசுரோட இருக்கேன்னு காமிக்கணும்ல. காலு நோவுது."

பூவரசன் தெருவென்றும் பாராமல் அழுதான். தப்புப் பண்ணிட்டேன்பா, தப்புப் பண்ணிட்டேன் என்றே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"சவுரிராயன் கடையில ஒக்காந்து எத்தினி பேருக்கு நீயே கலர எடுத்துக் குடுத்திருக்க" என்றார் அப்பா. "எப்படிரா மறந்த?"

அதில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். இந்த ஊர் தன்னைச் சேர்த்துக்கொள்ளாதோ என்றுதான் பூவரசன் இரண்டு வருஷமும் பயந்து செத்தான். சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் பயந்ததில்லை. கண்ணாடிக்கு உள்ளே ஹெலன் இன்னும் காத்துக்கொண்டு நின்றாள்.

"அது கெடக்கட்டும், இங்க பாரு" என்று அப்பா போனைத் திருப்பினார்.

பேனர் தெரிந்தது. அவன் அவ்வளவு கவனமாக விட்டுவைத்த வெள்ளையின் நடுவில் ஒரு கையகலப் போட்டோ. நாலு மூலையிலும் டேப். பாஸ்போர்ட்டுக்காக எடுத்தது, சிவப்புச் சட்டை, எண்ணெய் வழிய வாரிய தலை, விறைத்த காது. கோணலாக வேறு ஒட்டியிருந்தது.

"வர்றவங்க எல்லாம் அண்ணன்காரன் எங்க, போட்டோகூட இல்லியேன்னு கேட்டாங்க. இவ்ளோ எடம் சும்மா கெடக்குது. என் பர்சுல இருந்தத பஸ் ஸ்டாண்டு ஸ்டூடியோல குடுத்தேன். ஜல்தியா வேணும்னா இதான் பெருசுன்னான், ஒட்டிட்டேன்."

போன் அப்பா முகத்துக்குத் திரும்பியது.

"கலர்லதான் போடச் சொன்னேன்" என்றார். "நீ நல்லாதான இருக்க அங்க?"

பூவரசன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்பா போனைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டு, அவன் சொல்வான் என்று பார்த்துக்கொண்டே நின்றார்.